முனையக் கோப்பு மேலாளர், அடுத்த பதிப்பு: தமிழ்ப் பெயர்கள் முதலில் வேண்டுமா, பட முன்னோட்டம் முதலில் வேண்டுமா?

காட்பாடி_முனையம் (பராமரிப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். நம் கோப்பு மேலாளரின் அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்க வேண்டும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், ஓடுவது; சி மொழியில், அந்தத் திரையில் வரைய உதவும் என்கர்சஸ் நூலகத்தின் மேல் எழுதப்பட்ட சிறிய கட்டற்ற மென்பொருள். பழைய கணினியிலும், எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும் தொலைவுக் கணினியிலும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே உருவானது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து நண்பர்கள்தான் இதன் பயனர்கள், சோதிப்பவர்களும் அவர்களே.

குவிந்திருக்கும் கோரிக்கைகள் மூன்று பக்கம் இழுக்கின்றன. தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வந்தால் நெடுவரிசைகள் கோணலாகின்றன என்பது ஒன்று. நகலெடுப்பதும் நகர்த்துவதும் பாதியில் நின்றால் என்ன ஆகிறது என்பது இன்னொன்று. பட முன்னோட்டமும், தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் செருகு நிரல்களும் வேண்டும் என்பது மூன்றாவது. அதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பு மேலாளர் பெயரைச் சரியாகக் காட்ட வேண்டும், கோப்பைத் தொலைக்கக் கூடாது. இந்த இரண்டும் உறுதியாகும்வரை வேறு எதையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கோணலாவது ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். முனையம் என்பது கட்டங்களால் ஆன பலகை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் எத்தனை கட்டம் என்று கேட்டால், சி நூலகத்தில் உள்ள டபிள்யூசிவிட்த் என்ற செயல்கூறு பதில் சொல்லும். தனி இடம் பிடிக்காத குறி என்று, எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் ஒருங்குறி வகைப்படுத்தியதற்குச் சுழியம், சீன எழுத்து போன்ற அகலமானவற்றுக்கு இரண்டு, மற்றதற்கு ஒன்று. தமிழில் இது விசித்திரமாக முடிகிறது. ‘ி’ இடம் பிடிக்கும் குறி என்றும், ‘ீ’ இடம் பிடிக்காத குறி என்றும் அட்டவணையில் இருக்கிறது. எனவே ‘டி’ இரண்டு கட்டம், ‘டீ’ ஒரே கட்டம். ‘வேலூர்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, நினைவகத்தில் ஆறு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 18 பைட்டுகள், இந்தக் கணக்குப்படி ஐந்து கட்டங்கள். முனையமோ தன் எழுத்துருவை வைத்து வேறு ஒரு அகலத்தில் வரைகிறது. நூலகம் நினைக்கும் இடத்தில் சுட்டி (அடுத்த எழுத்து விழும் இடம்) இல்லை. அளவும் தேதியும் தள்ளிப் போய் நிற்கின்றன.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பாலாற்றங்கரை

அண்ணா, வணக்கம். நான் காட்பாடியில் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன். மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதி வேண்டும்.

யாசி என்ற முனையக் கோப்பு மேலாளர் 2023இல் வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதியது, எதற்கும் காத்திருக்காமல் பின்னணியில் வேலை செய்கிறது, முனையத்துக்குள்ளேயே படம் காட்டுகிறது, லுவா மொழியில் செருகு நிரல் எழுதலாம். எங்கள் விடுதியில் முனையத்தைப் புதிதாகப் பழகுகிறவர் முதலில் நிறுவிப் பார்ப்பது அதைத்தான். ரேஞ்சர், எல்எஃப், என்என்என், விஃப்எம் என்று ஏற்கெனவே நல்ல கருவிகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நம்முடையதை ஒருவர் ஏன் எடுக்க வேண்டும்? பட முன்னோட்டம் வெறும் அலங்காரம் இல்லை. ஸ்கேன் செய்த நூறு கோப்புகளில் எது எது என்று திறக்காமலே தெரிந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்! புதியவர்கள் வரவில்லை என்றால் நாளை வழுக்களைத் திருத்தவும் ஆள் இருக்காது.

கோட்டைவாசல்

தம்பி கேட்பது நியாயம்தான். ஆனால் யாசியிடமிருந்து கற்க வேண்டியதைப் படத்தில் தேடாதீர்கள், காத்திருக்காமல் ஓடுவதில் தேடுங்கள்.

நான் சர்வர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். வலைப்பின்னல் வழியாக இணைத்த கோப்புறைக்குள் நம் மேலாளரைத் திறந்தால், இணைப்பு மந்தமாக இருக்கும் நேரத்தில் திரை அப்படியே உறைகிறது. விசைக்குப் பதில் இல்லை, வெளியேறவும் முடியவில்லை. காரணம் வெளிப்படை. கோப்புறையைப் படித்தவுடன் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரம் கேட்கும் ‘ஸ்டாட்’ அழைக்கிறோம்; கடைசிக் கோப்பின் அளவு தெரிந்த பிறகே முதல் வரியை வரைகிறோம். கோப்புறையைப் படிக்கும் ‘ரீட்டிர்’ கொடுக்கும் பதிலிலேயே அது கோப்பா கோப்புறையா என்ற விவரம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமைகளில் சில மட்டும் ‘தெரியாது’ என்று கைவிரிக்கும். அதற்கு மட்டும் தனியாகக் கேட்டால் போதும். பெயர்களை உடனே காட்டிவிட்டு, அளவையும் தேதியையும் பின்னணியில் ஓடும் இன்னொரு இழையில் நிரப்பலாம். இதற்கு ரஸ்ட் தேவையில்லை.

விசைகளை மட்டும் யாரும் தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நார்ட்டன் கமாண்டர் 1986இல் வந்தது. அதைப் பார்த்து மிகுவெல் டி இகாசா 1994இல் மிட்நைட் கமாண்டரைத் தொடங்கினார். எஃப்5 அழுத்தினால் நகல், எஃப்6 அழுத்தினால் நகர்த்தல் என்பது இன்றைக்கும் அதில் மாறவில்லை. பயனரின் விரல் பழகிய ஒன்றை அழகுக்காக மாற்றுவது பராமரிப்பு ஆகாது.

தொரப்பாடி_நூலகம்

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பயன்படுத்துகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து அடுக்குவது என் வேலை. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஒவ்வொரு பிரிவினைக்கும் எங்கள் கோப்புறைகள் கலைந்து மீண்டும் அடுக்கப்படுகின்றன. அதனால் மொத்தமாகப் பெயர் மாற்றும் வசதிதான் எனக்கு உயிர். பெயர்களை உரைத் திருத்தியில் வரிவரியாகத் திறந்து, மாற்றி, சேமித்தால் வேலை முடிகிறது. இதைவிட வசதியான ஒன்றை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. இரண்டு பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றும்போது மட்டும் அச்சமாக இருக்கிறது. முதலாவது இரண்டாவதன் மேல் எழுதிவிடாதா?

இன்னொரு சிக்கல். கொணவட்டம் என்ற பெயரில் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள் தெரிகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒன்று எங்கள் லினக்ஸ் கணினியில் உருவாக்கியது. மற்றது பழைய மேக் கணினியிலிருந்து வன்தட்டில் வந்தது. தேடினால் ஒன்று மட்டுமே கிடைக்கிறது.

வரிசையும் அகராதிப்படி வருவதில்லை. அணைக்கட்டு, அன்பளிப்பு, அரக்கோணம், அறிக்கை, அலமேலுமங்காபுரம், அவலூர் என்று நிற்கிறது. அன்பளிப்பு கடைசியில் அல்லவா வர வேண்டும்?

காட்பாடி_முனையம்

அக்கா, இப்படி எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொணவட்டத்தில் இருக்கும் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ொ’ என்று ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகப் பிரித்து வைப்பது இன்னொரு விதம். இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. மேக் கணினியின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமான அமைப்பில் பெயரை எழுத்தாகப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர எதையும் ஏற்கும். ஆகவே அதன் கண்ணில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புறைகள்.

நம் மேலாளர் வட்டில் உள்ள பெயரைத் தானாகத் திருத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேறொரு நிரல் அந்தப் பழைய பைட்டுகளை நம்பிக் காத்திருக்கலாம். தேடும்போதும் ஒப்பிடும்போதும் மட்டும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரே தோற்றத்தில் இரண்டு இருந்தால் பக்கத்தில் ஒரு குறி காட்டுவோம். சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பயனர் முடிவு செய்யட்டும்.

வரிசைக்கு வருகிறேன். குறியீட்டு எண்களின்படி ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. ‘ன’ முன்னாலேயே வந்துவிடுவதால் அன்பளிப்பு முந்திக்கொண்டது. எண் வரிசை வேறு, அகராதிக்கான ஒப்பீட்டு வரிசை வேறு. நாம் பைட்டுகளை நேராக ஒப்பிடுகிறோம். மொழி அமைப்பைப் பார்த்து ஒப்பிடும் ‘ஸ்டர்கால்’ செயல்கூற்றுக்கு மாற வேண்டும்.

பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றும்போது, சுழற்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒன்றைத் தற்காலிகப் பெயருக்கு ஒதுக்கிவிட்டே தொடர வேண்டும். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் எதையும் தொடாமல் நிறுத்திவிட வேண்டும். அதற்குச் சோதனைகள் எழுதிச் சேர்க்கிறேன்.

ஆம்பூர்_கணக்கு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அலுவலக சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து இதைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாமே கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. என் மடிக்கணினியில் நன்றாக இருக்கிறது. என்ன காரணம்?

கோட்டைவாசல்

உங்கள் மடிக்கணினியின் மொழி அமைப்பு அந்த சர்வரில் நிறுவப்பட்டிருக்காது. அப்போது நிரல் வெறும் ‘சி’ அமைப்புக்கு இறங்கிவிடும். அதில் தமிழ் அச்சிடத்தக்க எழுத்தாகவே கணக்கில் வராது. நுழைந்ததும் ‘எல்சி_ஆல்’ மாறிக்கு ‘சி.யூடிஎஃப்-8’ என்று கொடுத்துப் பாருங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில், 2022இல் வந்த 2.35 பதிப்பு முதல் அது நூலகத்துடனே வருகிறது. டெபியன் லினக்ஸில் அதற்கு முன்பிருந்தே உண்டு.

பராமரிப்பாளருக்கு: மொழி அமைப்பு கிடைக்காவிட்டால் நிரல் தானாகவே இதை முயன்று பார்க்கலாமே. வரிசை அகராதிப்படி வராது, எழுத்தாவது தெரியும்.

ஆம்பூர்_கணக்கு

தெரிகிறது! மிக்க நன்றி ஐயா.

கோட்டைவாசல்

நகலெடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இதுதான் முதன்மை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி நகலில் மின்சாரம் போனால் இப்போது என்ன நடக்கிறது? சேர வேண்டிய இடத்தில் சரியான பெயரோடு குறைக் கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் பார்க்கிறவர் அது முழுக் கோப்பு என்றே நம்புவார். அசலை நீக்கியும்விடுவார்.

செய்ய வேண்டியது இது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ‘எஃப்சிங்க்’ அழைத்து, தரவு வட்டில் இறங்கியதை உறுதி செய்ய வேண்டும். பிறகே உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள், பெயர் மாற்றும் ‘ரீநேம்’ அழைப்பு பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும். பழைய கோப்பு இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும், நடுவில் ஒன்று கிடையாது. கோப்புறைக்கும் ஒரு ‘எஃப்சிங்க்’ உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதும் அழைப்பின் பதிலை மட்டும் பார்த்தால் போதாது, மூடும் அழைப்பின் பதிலையும் பார்க்க வேண்டும். வலைப்பின்னல் கோப்புறையில் இடம் தீர்ந்துபோனது சில சமயம் மூடும்போதுதான் தெரியவரும்.

நகர்த்தலில் இன்னும் கவனம் வேண்டும். வன்தட்டிலிருந்து பென்டிரைவுக்கு என்றால் ‘ரீநேம்’ மறுத்துவிடும். ‘எக்ஸ்டெவ்’ என்ற பிழை வரும். அங்கே நகர்த்தல் என்பது நகலெடுத்துவிட்டு அசலை நீக்குவது. நகல் முழுதும் இறங்கியது என்று தெரியாமல் ஒரு கோப்பைக்கூட நீக்கக் கூடாது.

பாலாற்றங்கரை

ஐயா, ஒவ்வொரு கோப்புக்கும் எஃப்சிங்க் என்றால் பென்டிரைவில் ஆமை வேகம் ஆகிவிடுமே? சிறிய கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

கோட்டைவாசல்

மெதுவாகும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது காட்டும் வேகம் உண்மையான வேகம் இல்லை. தரவு நினைவகத்தின் தற்காலிகச் சேமிப்பில் ஏறியவுடன் நாம் 100 சதவீதம் என்று காட்டுகிறோம். வட்டில் இறங்கும் வேலை அதற்குப் பிறகும் நடக்கிறது. திரையை நம்பிப் பென்டிரைவைப் பிடுங்குகிறவர்மேல் என்ன தவறு? சிறிய கோப்புகளைக் கூட்டமாக எழுதிவிட்டு, கடைசியில் அந்தக் கோப்பு முறைமை முழுவதற்கும் ஒரு ‘சிங்க்எஃப்எஸ்’ போடலாம். அது முடியும்வரை ‘எழுதி முடிகிறது’ என்று காட்டுங்கள். மக்கள் காத்திருப்பார்கள், ஏன் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

அப்படியே ஒரு சோதனையும் சேருங்கள். எஃப்ஏடி32 கோப்பு முறைமை உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. முக்கால் மணி நேரம் எழுதிவிட்டுப் பிழை காட்டாமல், தொடங்கும்போதே சொல்லிவிடலாம்.

தொரப்பாடி_நூலகம்

தற்காலிகப் பெயர் என்றதும் ஒரு கேள்வி. எங்கள் கோப்புகளுக்கு நூலின் முழுத் தலைப்பையும் ஆண்டையும் பெயராக வைக்கிறோம். சில பெயர்கள் ‘மிக நீளம்’ என்று ஏற்கெனவே மறுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயரோடு இன்னும் ஏதாவது ஒட்டினால் நகலே எடுக்காதே?

காட்பாடி_முனையம்

மிகச் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் என்பதால் 85 குறியீடுகள், உயிர்மெய்யாக எண்ணினால் இன்னும் குறைவு. பெயரின் பின்னால் ஒட்டு சேர்ப்பதுதான் பல நிரல்களின் வழக்கம். தமிழ்த் தலைப்புகளில் அது முறியும். தற்காலிகப் பெயர் அசல் பெயரைச் சாராத குறுகிய பெயராக இருக்கும் என்று முடிவு செய்துவிடுவோம். திரையில் நீண்ட பெயரைச் சுருக்கும்போதும் பைட் எல்லையில் வெட்டாமல், முழு எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘கோ’வில் பாதி மட்டும் தொங்கும்.

குடியாத்தம்_தறி

தொழில்நுட்பம் எல்லாம் நன்று. நான் வேறொன்று கேட்கிறேன். அண்ணா, உங்களுக்கு வேலை மாறினாலோ உடல்நலம் இல்லாமல் போனாலோ இதை யார் பார்ப்பார்கள்? மூலநிரல் களஞ்சியத்தின் சாவி ஒருவர் கையில்தான் இருக்கிறது. அதேபோல, யார் கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிடவும் கூடாது. கோப்புகளைச் சுருக்கும் கட்டற்ற கருவியான எக்ஸ்இசட்டின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். சோர்ந்திருந்த ஒரே பராமரிப்பாளரைச் சிலர் நச்சரித்தார்கள், பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்ற ஒருவர் உள்ளே வந்தார், 5.6.0, 5.6.1 பதிப்புகளில், திருட்டுத்தனமாக நுழைய உதவும் பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் வெளியே வந்தது.

காட்பாடி_முனையம்

இதைக் கேட்டதற்கு நன்றி. எனக்கும் இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டு பேருக்கு உரிமை கொடுக்க விரும்புகிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நேரில் சந்தித்துப் பேசக் கூடியவர்களாக இருந்தால் நல்லது. யார் எழுதினாலும், நான் எழுதினாலும், இன்னொருவர் படித்த பிறகே முதன்மைக் கிளையில் சேரும். வெளியிடும் தொகுப்பு களஞ்சியத்தில் உள்ள மூலநிரலிலிருந்து அப்படியே உருவாக வேண்டும். எக்ஸ்இசட்டில் தூண்டும் பகுதி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது, களஞ்சியத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கோட்டைவாசல் ஐயாவையும் குடியாத்தம் நண்பரையும் கேட்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

செருகு நிரல்களைப் பற்றி: மேலாளருக்குள் ஒரு மொழியைப் பொதிய எனக்கு விருப்பமில்லை. அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும். என்என்என் காட்டிய வழி நல்ல வழி. செருகு நிரல் என்பது தனி நிரல், எந்த மொழியிலும் எழுதலாம். தேர்ந்தெடுத்த கோப்புகளின் பட்டியலைச் சுழிய பைட்டால் பிரித்து அதற்குக் கொடுப்போம். வரி முறிவால் பிரித்தால், பெயருக்குள்ளேயே வரி முறிவு உள்ள ஒரு கோப்பு போதும், தவறான கோப்பு நீங்கிவிடும்.

தம்பி, பட முன்னோட்டத்தையும் இதே முறையில் வெளியே வைக்கலாம். சிக்செல், கிட்டி என்ற முனையத்தின் வரைகலை நெறிமுறை என்று முனையத்துக்கு முனையம் படம் காட்டும் முறை மாறுகிறது; அவற்றைக் கருவிக்குள் இழுத்துவந்தால் நம்மால் தாக்குப்பிடிக்க முடியாது. முன்னோட்ட நிரல் குறித்த நேரத்தில் பதில் தராவிட்டால் நிறுத்திவிட்டு நகர வேண்டும். இதை நீங்கள் எழுத முன்வந்தால் நான் துணை நிற்கிறேன்.

பாலாற்றங்கரை

எழுதுகிறேன் அண்ணா. ஆனால் அதற்கு முன் கோணல் வரிசையைத் தீர்க்க ஒரு யோசனை. இப்போது பெயர், அளவு, தேதி என்ற வரிசையில் காட்டுகிறோம். பெயரின் அகலம் தெரியாததால்தான் பின்னால் வருபவை தள்ளிப் போகின்றன. தேதி, அளவு, பெயர் என்று திருப்பிவிட்டால்? பெயர் எவ்வளவு நீண்டாலும் அதன் பின்னால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை.

கோட்டைவாசல்

சபாஷ். ‘எல்எஸ்’ கட்டளையின் நீண்ட பட்டியலிலும் பெயர் கடைசியில்தான் வரும். இதில் விசைகள் எதுவும் மாறவில்லை. எனக்கு முழுச் சம்மதம். உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். படித்துப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பை ஏற்கிறேன்.

தொரப்பாடி_நூலகம்

எனக்கும் இதுவே வசதி. சோதனைக்கு உதவும் என்றால், பெயர்களை மட்டும் வைத்து வெற்றுக் கோப்புகளாக ஒரு தொகுப்பு செய்து தருகிறேன். கிரந்த எழுத்து, நீண்ட தலைப்பு, பிரிந்த ‘கொ’ எல்லாம் அதில் இருக்கும்.

பாலாற்றங்கரை

நெடுவரிசை மாற்றத்தை எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பலகைக் காட்சியில் இன்னும் ஒன்று பாக்கி: இடப் பலகையின் நீண்ட தமிழ்ப் பெயர், நடுக்கோட்டைத் தாண்டி வலப் பலகைக்குள் போகிறது. தொடங்கும்போது ‘டி’, ‘டீ’ இரண்டையும் எழுதிவிட்டு, சுட்டி எங்கே நிற்கிறது என்று முனையத்திடமே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அந்தப் பதிலை வைத்து அகலத்தைக் கணக்கிட முயல்கிறேன். எல்லா முனையங்களும் ஒரே பதிலைத் தரவில்லை. அக்காவின் தொகுப்பு வந்தால் உங்கள் முனையங்களில் ஓட்டிப் பார்த்து, முனையத்தின் பெயரையும் அது சொன்ன எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

ஆம்பூர்_கணக்கு

என்னிடம் இரண்டு முனையங்கள் இருக்கின்றன. இன்று இரவே ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.